வண்டியினுள் வெப்பமும் குளிர்ச்சியும்: குறை காணும் முறை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதலாம் என்று சில நாட்கள் எண்ணியிருந்தோம். கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மினும் தக்கார் உளர். சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எழுத ஆசிரியப் பெருமக்கள் உளர். யாமோ கல்லூரியை விட்டபின் கணக்கேடுகளோடு காலங் கழித்தவர். எனினும், ஒரு மழைநாள் மாலையில் எம் மோட்டார் வண்டி எமக்குப் புகட்டிய பாடம் ஒன்று உண்டு. அது பௌதிகவியல் வகுப்பிலே யாம் அரைக் கவனத்தோடு கேட்டு மறந்த பாடமே என்பது பின்னர்தான் விளங்கிற்று. வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும், நாளை வைத்திருக்கப் போகும் இளைஞர்க்கும் அது பயன்படலாம் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு வைபவம் ஒன்று முடிந்து, குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலிமுகத்திடலைக் கடக்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டோம். குளிர்காற்று வரவேண்டிய துவாரங்களிலிருந்து அடுப்பங்கரைக் காற்றுப்போல வெப்பம் வீசிற்று. திருகிகளை இப்படியும் அப்படியும் திருப்பினோம், பயனில்லை. வெக்கை பொறுக்க முடியாமல் அனைத்தையும் நிறுத்தினோம். ஐவர் மூச்சும் ஈர உடையும் சேர, இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி வெண்ணிறத் திரையாயிற்று. பம்பலப்பிட்டியில் ஒரு பாதசாரிக் கடவையில் குடையோடு சென்ற முதியவர் ஒருவரை, பிள்ளைகள் கூவியபின்பே கண்டோம். வண்டி அவரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. அவர் எம்மைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

மறுநாளே வண்டியைத் திருத்துமிடம் ஒன்றிற்குக் கொண்டுசென்றோம். "காஸ் குறைந்துவிட்டது" என்றார்கள், நிரப்பினார்கள். நான்கு நாள் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் வெப்பம் வீசியது. மீண்டும் காஸ். மூன்றாம் முறையும் காஸ். ஒவ்வொரு முறையும் பணம் கைமாறியது, குறை மாறவில்லை. ஈற்றில் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையினுள் சிறு கொட்டகை வைத்திருந்த வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. எப்போது வெப்பம் வருகிறது, எந்தத் துவாரத்தில் வருகிறது, ஏதும் சத்தம் கேட்கிறதா என்று கேள்விகள் கேட்டார். பின்பு பொனற்றைத் திறந்து, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பார்த்து, எம்மையும் தொடச் சொன்னார். குழாய் பனிக்கட்டிபோற் குளிர்ந்து வியர்த்திருந்தது.

"குளிர் இதுவரை வந்துவிட்டது, ஐயா. உள்ளே வரத்தான் வழி கிடைக்கவில்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எம் மூன்று பற்றுச்சீட்டுகளும் வீணாயின என்பது தெரிந்தது. இக்கட்டுரையின் கருத்தும் அதுவே. வண்டியின் குளிர்ச்சி கெட்டால், குளிரைப் பிறப்பிக்கும் பொறி கெட்டது என்று உடனே முடிவு செய்தலாகாது. குளிரையும் வெப்பத்தையும் ஆளுகின்ற கதவுகளும் ஆளிகளும் கெட்டிருக்கலாம். எது கெட்டது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்பே கைப்பணத்தை எடுத்தல் வேண்டும்.

குளிர் பிறக்கும் இடம்

எம் பௌதிகவியல் ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் எங்கள் புறங்கையில் ஆளுக்கு ஒரு துளி ஸ்பிரிற் விட்டு, அதை ஊதச் சொன்னார். துளி மறைந்தது, தோல் குளிர்ந்தது. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைச் சூழலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதற்கு மறைவெப்பம் என்று பெயர் என்று கரும்பலகையில் எழுதினார். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனாலேயே. வண்டியின் ஏ.சி.யும் மண்பானைக்கு உறவு முறையே. பானையின் நீர் காற்றிற் கலந்து போய்விடுகிறது. வண்டியில் உள்ள திரவமோ மூடிய குழாய்களுள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

கடந்த 30 ஆண்டுகளாக வண்டிகள் பெரும்பாலானவற்றில் பயன்பட்ட திரவம் ஆர்-134ஏ என்பது. வளிமண்டல அமுக்கத்தில் இது பூச்சியத்துக்கு 26 பாகை கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். டாஷ்போட்டின் உள்ளே இருக்கும் ஆவியாக்கியில் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அமுக்கத்தில் இதனை ஆவியாகச் செய்கிறார்கள். அப்போது அது பூச்சியப் பாகையை அடுத்து நிற்கிறது. அதன் மீது ஊதப்படும் காற்று தன் வெப்பத்தையும், கூடவே தன் ஈரத்தையும் இழந்து குளிர்கிறது. ஆவியான வாயுவைக் கொம்பிரசர் எனப்படும் அமுக்கி உறிஞ்சி, பெரும் அமுக்கத்துக்கு உட்படுத்தி, றேடியேற்றருக்கு முன்னால் உள்ள ஒடுக்கிக்கு அனுப்புகிறது. அங்கே அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து மீண்டும் திரவமாகிறது. பின்னர் ஒரு நுண்ணிய வால்வின் வழியாக அமுக்கம் தளர்ந்து ஆவியாக்கிக்குத் திரும்புகிறது.

வெப்பம் வரும் வழி

கொழும்பில் வெப்பமூட்டி எதற்கு என்று சிலர் கேட்பர். நம் வீதிகளில் ஓடும் வண்டிகளில் ஏராளமானவை யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியானவை. அந்நாட்டின் பனிக்காலத்துக்கென அமைந்த வெப்பமூட்டி அவற்றோடு கூடவே வந்துவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 90 பாகையில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்நீரின் ஒரு பகுதி இரு இறப்பர்க் குழாய்கள் வழியாக டாஷ்போட்டின் உள்ளே வந்து, சிறு றேடியேற்றர் போன்ற வெப்பமூட்டிக் கூட்டினூடு சென்று திரும்புகிறது. வண்டிகள் பலவற்றில் இவ்வோட்டத்தை நிறுத்தும் வால்வு இல்லை. நாம் குளிர் கேட்டாலும் வெப்பம் கேட்டாலும் அக்கூடு சூடாகவே இருக்கும்.

கலக்கும் கதவு

ஒரே பெட்டியினுள் ஒரு பக்கம் பூச்சியத்தை அண்டிய குளிர். மறுபக்கம் 90 பாகை வெப்பம். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது பிளாத்திக்குப் பலகை போன்ற ஒரு கதவு. விசிறி ஊதும் காற்று முதலில் ஆவியாக்கியைக் கடக்கிறது. கதவு ஓர் எல்லையில் நின்றால் அக்காற்று முழுவதும் வெப்பமூட்டியைத் தீண்டாமல் நேரே நம்மிடம் வருகிறது. மறு எல்லையில் நின்றால் முழுவதும் வெப்பமூட்டியினூடு செல்கிறது. இடையில் நின்றால் இரண்டும் கலக்கின்றன. வெப்பநிலைத் திருகியைத் திருப்பும்போது பெரும்பாலும் நாம் செய்வது இக்கதவை அசைப்பதே.

இதனைக் கலப்புக் கதவு என்போம். இதனோடு இன்னும் இரு வகைக் கதவுகள் உண்டு. ஒன்று, காற்றை முகத்துக்கோ காலடிக்கோ முன் கண்ணாடிக்கோ அனுப்பும் திசைக் கதவு. மற்றையது, வெளிக்காற்றை எடுப்பதா, உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடுவதா என்று தீர்மானிக்கும் வாயிற் கதவு. பழைய வண்டிகளில் இவை கம்பியால் இழுபடும். பிற்பட்ட வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மின்மோட்டார் உண்டு. சோப்புக்கட்டி அளவான பெட்டியினுள் மோட்டாரும், பிளாத்திக்குப் பற்சில்லுகளும், கதவு எங்கே நிற்கிறது என்று அறிவிக்கும் மின்தடையும் அடங்கியிருக்கும். எம் வண்டியில் உடைந்திருந்தவை அப்பற்சில்லொன்றின் இரண்டு பற்கள் மட்டுமே. சில நாட்கள் கதவு தற்செயலாகக் குளிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. அதையே காஸின் பயன் என்று யாம் நம்பினோம். பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகமாக அப்பெட்டியை வாங்கி மாற்றினோம். மூன்று முறை காஸுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று.

இவ்வாளுகை ஒரே நாளில் வந்ததன்று. 1939இல் அமெரிக்கப் பக்காட் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு வண்டிகளுக்குக் குளிரூட்டியை அறிமுகப்படுத்தியது. அமுக்கியைத் தனியே நிறுத்தும் கிளச் அதில் இல்லை. குளிர் வேண்டாமெனின் எஞ்சினை நிறுத்திப் பட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. வேண்டிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் தானே கலந்து தரும் அமைப்பு 1964இல் கடிலாக் வண்டிகளில் வந்தது. குளிரைப் பிறப்பித்ததினும் அதனை ஆளக் கற்றுக்கொண்டதே பிந்திய வேலை. ஆளுகின்ற பகுதியிலேயே சிறிய, மெல்லிய உறுப்புகள் மிகுதி. ஆதலின் குறைகளும் அங்கே மிகுதி.

கேட்க வேண்டிய கேள்விகள்

நோய் இன்னதென்றும், அது வந்த காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்பே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் கூறினார். வண்டிக்கும் அதுவே முறை. வீட்டு வாசலில் நின்றே பின்வரும் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: காற்று வருகிறதா? எந்த வேகத்திலும் வராவிடின் விசிறியின் உருகி, றிலே, விசிறி மோட்டார் ஆகியவற்றை நோக்குக. உருகி சில நிமிட வேலை. உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்து, ஏனைய வேகங்களில் வராவிட்டால், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடை எரிந்துவிட்டது என்று பெரும்பாலும் துணியலாம். சத்தம் பெரிதாகவும் காற்று சிறிதாகவும் இருப்பின், அழுக்கடைந்த காற்று வடிகட்டியைச் சந்தேகிக்க. வண்டிகள் பலவற்றில் அது கையுறைப் பெட்டியின் பின்னால் இருக்கும், கருவியின்றியே கழற்றலாம்.

இரண்டாவது: திருகியைத் திருப்பும்போது வெப்பநிலை மாறுகிறதா? எஞ்சின் நன்கு சூடான பின், திருகியை முழுக் குளிரிலிருந்து முழு வெப்பத்துக்கு மெல்ல மெல்லக் கொண்டு செல்க. துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகி வைத்தால் இன்னும் நன்று. மாற்றமே இல்லையெனின் கலப்புக் கதவோ அதன் மோட்டாரோ ஆளிப் பலகையோ குற்றவாளி. அவ்வேளையில் வானொலியை நிறுத்திவிட்டு டாஷ்போட்டின் அருகே காதை வைத்துக் கேட்க. "டிக் டிக்" என்று ஒரே சீராகக் கேட்பது உடைந்த பற்சில்லின் குரல்.

மூன்றாவது: குளிர் பிறக்கிறதா? ஏ.சி. ஆளியை அழுத்தியதும், கிளச் உள்ள வண்டிகளில் எஞ்சின் பக்கம் "டக்" என்ற ஒலி கேட்கும். எஞ்சின் ஓட்டம் சற்று மாறும். சில நிமிடங்களின் பின், சுழலும் விசிறிக்கும் பட்டிக்கும் கையையும் உடையையும் தூரமாக்கி, உள்ளே செல்லும் இரு அலுமினியக் குழாய்களுள் தடித்ததைத் தொடுக. அது குளிர்ந்து வியர்த்திருக்க உள்ளே வெப்பக் காற்று வீசுமாயின், குளிர் பிறந்து கதவடியில் நிற்கிறது என்பது பொருள். குழாயும் குளிராவிடின் கொம்பிரசர், அதன் றிலே, அமுக்க ஆளி, காஸ் கசிவு ஆகியவற்றின் பக்கம் செல்க. கொழும்பின் ஈரக் காற்றில் இன்னொரு சான்றும் உண்டு. ஏ.சி. செவ்வனே ஓடும் வண்டியின் கீழே சிறிது நேரத்தில் நீர் சொட்டும்.

நான்காவது: எப்போது கெடுகிறது? ஓடும்போது குளிர்ந்து, காலி வீதி நெரிசலில் நிற்கும்போது வெக்கையாகுமாயின் ஒடுக்கியின் விசிறியை நோக்குக. கடற்கரையை அண்டிய வெள்ளவத்தை போன்ற இடங்களில் உப்புக் காற்று ஒடுக்கியின் மெல்லிய தகடுகளை அரித்துவிடுவதும் உண்டு. தொடக்கத்தில் நன்கு குளிர்ந்து, அரை மணியின் பின் காற்றே குறைந்து, சற்று நிறுத்திவைத்தால் மீண்டும் வருமாயின் ஆவியாக்கியில் பனிக்கட்டி படிகிறது. அடைபட்ட வடிகட்டியோ பிழையான வெப்ப உணரியோ அதற்குக் காரணமாகலாம்.

ஐந்தாவது: எங்கே கெடுகிறது? சாரதிக்கு வெப்பமும் அருகிலிருப்பவர்க்குக் குளிரும் வருமாயின், இரு பக்கத்துக்கும் வேறு வேறு கதவுள்ள வண்டிகளில் ஒரு கதவு சிக்கியிருக்கலாம். காஸ் குறைவாலும் சிலவற்றில் இவ்வாறு நேர்வதுண்டு. முகத்துக்குக் கேட்ட காற்று எப்போதும் கண்ணாடிக்கே செல்லுமாயின் திசைக் கதவு.

ஆறாவது: மணமும் ஈரமும் யாவை? காலடி விரிப்பு நனைந்து, நீர் நிறமற்று மணமற்று இருந்தால், ஆவியாக்கியின் வடிகுழாய் அடைபட்டது, செலவில்லாத வேலை. நீர் நிறத்தோடு பிசுபிசுத்து, வண்டியினுள் இனித்த மணம் வீசி, கண்ணாடியில் எண்ணெய்ப்படலம் போலப் படியுமாயின், வெப்பமூட்டிக் கூடு ஒழுகுகிறது. எஞ்சினுக்கு உரிய குளிர்விப்புத் திரவம் விடாது வெறும் குழாய்நீரையே விடும் வழக்கம் அக்கூட்டை உள்ளே துருப்பிடிக்கச் செய்யும்.

தானே கலந்து தரும் அமைப்புள்ள வண்டியாயின் உணரிகளையும் நினைவிற் கொள்க. டாஷ்போட்டின் மேல், முன் கண்ணாடியை ஒட்டி ஒரு சிறு கருங்குமிழ் இருக்கும். அது வெயிலை அளக்கும் உணரி. நம்மவர் பலர் அவ்விடத்திலேயே பிள்ளையார் திருவுருவத்தையும் பூவையும் வைப்பர். குமிழை மறைத்தால், வெளியே வெயில் இல்லையென்று பொறி எண்ணிக் குளிரைக் குறைக்கும். பிள்ளையாரைச் சற்று நகர்த்தி வைத்தலே அதற்குத் திருத்தம். ரொயோட்டா வண்டிகள் பலவற்றில், ஓட்டோ பொத்தானையும் காற்றைச் சுற்றவிடும் பொத்தானையும் ஒருங்கே அழுத்திக்கொண்டு திறப்பைத் திருப்பினால், பொறி தன்னைத் தானே சோதித்துக் குறையை எண்ணாகக் காட்டும். 21 என்ற எண் வெயில் உணரியைக் குறிப்பது. நிழலில் நின்று சோதித்தால் குறையில்லாத வண்டியிலும் அவ்வெண் தோன்றும். ஆதலின் வெயிலில் நிறுத்திச் சோதிக்க.

காஸ் என்னும் சர்வரோக நிவாரணி

காஸ், பெற்றோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாயினுள் சுற்றுவது. நெடுங்காலத்தில் சிறிது கசிவது இயல்பு. ஆனால் மாதத்துக்கொரு முறை குறையுமாயின் எங்கோ துளை உண்டு. துளையை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலே. குறையாத காஸை மேலும் நிரப்பினால் அமுக்கம் ஏறிக் குளிர்ச்சி குறையும், அமுக்கியும் கெடும். இரு பக்க அமுக்கத்தையும் அளந்து காட்டாமல் "காஸ் குறைவு" என்று கூறுவாரிடம், அளந்து காட்டும்படி பணிவோடு கேட்பது நம் உரிமை.

இதில் உலகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்னைய வண்டிகளில் இருந்த ஆர்-12 வானத்து ஓசோன் படலத்தை அரித்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை தோன்றியது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. 1990களில் வண்டிகள் ஆர்-134ஏக்கு மாறின. அது ஓசோனுக்குத் தீங்கற்றது; எனினும் 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்ற வல்லது. ஆகவேதான் 2016இல் கிகாலியில் அதனையும் அது போன்றவற்றையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் உடன்பட்டன. வீணாகத் திறந்துவிட்ட ஒவ்வொரு காஸும் அக்கணக்கில் ஏறுகிறது. பிந்திய வண்டிகளில் வேறு வாயுக்களும் உண்டு. ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது.

கலப்பின வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் அமுக்கி பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தால் ஓடுவது. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து. அதற்குரிய எண்ணெயும் வேறு. சாதாரண வண்டியின் எண்ணெயை அதில் விட்டால் மின்காப்புக் கெடும். அங்கே நம் வேலை கேள்வி கேட்பதோடு நிற்றல் வேண்டும்.

கண்ணாடியிற் படியும் பனி

அம்மழை மாலைக்குத் திரும்புவோம். முன் கண்ணாடியின் உட்புறம் வெளுத்தது, எங்கள் மூச்சின் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் ஒடுங்கியதால். ஆவியாக்கியைக் கடக்கும் காற்று தன் ஈரத்தை இழக்கிறது என்று மேலே கூறினோம். உலர்ந்த அக்காற்றைச் சற்றே சூடாக்கிக் கண்ணாடியில் வீசினால், அது ஈரத்தை வேகமாகக் கவரும். அன்று எம்மை வாட்டிய வெப்பக் காற்று, ஏ.சி.யில் உலர்ந்து, பின் கதவுக் குறையாற் சூடேறி வந்த காற்று. கண்ணாடியைத் தெளிவிக்க அதைவிடச் சிறந்த காற்று இல்லை! திசைத் திருகியை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றை எடுத்து, ஒரு நிமிடம் வெக்கையைப் பொறுத்திருந்தால் அம்முதியவரை நூறு முழத்துக்கு அப்பாலே கண்டிருப்போம். மருந்து கையில் இருந்தது. அதை அறியாமல் நிறுத்திவிட்டோம்.

வெளிப்புறம் வெளுப்பது வேறு நோய். கொழும்பின் ஈரமான இரவுகளில் பனிபடுநிலை 24 பாகையை ஒட்டியிருக்கும். மிகக் குளிர்ந்த காற்றைக் கண்ணாடிமேல் வீசினால், கண்ணாடி அந்நிலைக்குக் கீழ் குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படியும். துணியால் உட்புறத்தைத் துடைத்து என்ன பயன்? துடைப்பானை ஒரு முறை ஓட்டிவிட்டு, குளிரைக் குறைத்து, காற்றை முகத்துக்குத் திருப்புக. எப்புறம் பனித்தது என்று விரலால் தொட்டறிந்தாலே திருத்தம் எதுவென்று தெரிந்துவிடும்.

வெப்பமூட்டியின் பயன்

வெப்பமூட்டிக்கு மேலும் இரு பயன்கள் உண்டு. தை மாசியில் நுவரெலியா செல்வோர் அதன் அருமையை அறிவர். அங்கே சென்றும் சூடு வராவிடின், குளிர்விப்பு நீர் குறைந்ததோ, குழாயில் வளி அடைத்ததோ, தேர்மோஸ்ரற் திறந்தபடி நின்றதோ என்று பார்க்க. வெப்பநாட்டுக்கு அது வேண்டாமென்று கழற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு, அது தவறு. எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாது பெற்றோலை வீணாக்கும். மற்றைய பயன், நெரிசலில் எஞ்சின் மிகச் சூடேறுகையில், ஏ.சி.யை நிறுத்தி, வெப்பமூட்டியை முழுமையாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டால், சிறு றேடியேற்றர் ஒன்று மேலதிகமாகக் கிடைத்தது போலாகும். ஓரமாக நிறுத்தும் வரைக்கும் அது துணை செய்யும். சூடான றேடியேற்றர் மூடியை மாத்திரம் திறத்தல் கூடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் நம்மவர் இருந்த வண்டியையே பேணி ஓட்டக் கற்றனர். பழைய வண்டி குறைகூறும்போது அதனைச் செவிமடுக்கத் தெரிந்திருப்பது பொருளுக்கும் காப்பு, உயிருக்கும் காப்பு.

எம் வண்டி இப்போது குளிர்கிறது. கழற்றிய பற்சில்லு எம் எழுதுமேசையில் இருக்கிறது. இரண்டு பற்கள் இல்லை. மாணவர் சிலர் வீட்டுக்கு வரும்போது அதை எடுத்துக் காட்டி, புறங்கையில் ஒரு துளி ஸ்பிரிற் விட்டு ஊதச் சொல்வதுண்டு. எம் ஆசிரியர் செய்ததும் அதுவே. அன்று அவர் கற்பித்ததை அரைக் கவனத்தோடன்றி முழுக் கவனத்தோடு கேட்டிருந்தால், காலி வீதியில் ஒரு முதியவர் அஞ்சி நின்றிருக்க மாட்டார். வகுப்பிலிருக்கும் இளைய நண்பர்கட்கு யாம் கூறக்கூடியது இதுவே: கரும்பலகையில் எழுதப்படுவது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று; என்றோ ஒரு மழைநாளில் அது வேண்டப்படும்.